கொடை நானாவும் கானலும்

புத்தளம் கடற்கரையில் கொடைக்கானல் மலையைப் பற்றிக் கொடை நானாவுக்குத் தெரிந்த அளவு வேறொருவருக்கும் தெரியாது. கொடைக்கானலிலேயே அப்படியொருவர் இருப்பாரா என்று கேட்டால், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இல்லை.

எங்கள் பக்கம் மலை என்ற சாமானே கிடையாது. கடலும், கடல்நீர் தேங்கும் களப்பும், உப்புப் பாத்தியும் ஒரே மட்டத்தில் படுத்துக் கிடக்கும். கண்டக்குழியில் பிறந்த நான், வேலைக்கு வரும்வரை ஏறியிருந்த ஆக உயரமான இடம் எங்கள் தேவாலயத்து மணிக்கூண்டு. உப்பள அலுவலகத்தில் கணக்கெழுதும் லிகிதராகச் சேர்ந்த பிறகு அந்தப் பெருமை உப்புக் குவியலுக்குப் போனது. குவியலின் அடியில், தராசுக்குப் பக்கத்தில், கறுப்புக் குடையொன்றை விரித்துக்கொண்டு நின்றவர்தான் நானா. மூட்டை நிறுப்பது அவர் வேலை. குடை என்பது எங்கள் வாயில் கொடை என்றுதான் வரும். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம். ஆகவே அவர் கொடை நானா. சொந்தப் பெயர் வரவுப் பதிவில் மட்டும் இருந்தது.

அவருடைய குடைக்கு ஒரு சட்டம் உண்டு. வெயிலில் விரியும், மழை வந்தால் மடங்கும். நான் சேர்ந்த வருடத்து முதல் மழைக்கு நாங்களெல்லாம் தகரக் கொட்டிலுக்குள் ஓட, மனிதர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெப்பமாக நனைந்து நின்றார்.

"நானா, கொடையை விரிங்கோவன்."

"ஆறு மாசம் பாடுபட்டு எடுத்த உப்பு அங்க கரையிது தம்பி. அது நனையக்குள்ள நான் மட்டும் காஞ்சிட்டு நிக்கிறதா? மனிசத்தனமா ஈக்கா அது?"



கொடைக்கானல் அவருக்குள் புகுந்தது ஒரு துணிப்பையால். இந்தியாவுக்குப் போய்வந்த மேற்பார்வையாளர் ஒருவர் ஒரு பையைக் கொண்டுவந்து நீட்டினார். அதில் கொட்டை எழுத்தில் கொடைக்கானல் என்று இருந்தது. "நானா, அங்க உங்கட பேரில ஒரு ஊரே இருக்கு" என்று அவர் பகிடிக்குத்தான் சொன்னார். நானா பகிடியாக எடுக்கவில்லை. பையைப் பிடித்தபடி பாத்திப் பக்கம் திரும்பினார். பாத்திக்கு அப்பால் வழக்கம்போலக் கானல் மினுங்கிக்கொண்டிருந்தது. உச்சி வெயிலில் எங்களுக்கு அது தினசரிக் காட்சி. தூரத்தில் தண்ணீர் தெரியும், அதில் தென்னைகள் தலைகீழாக நிற்கும், கிட்டப் போனால் ஒன்றும் இராது.

"கொடை எண்டா கொடை. கானல் எண்டா இந்தா தெரியிற பொய்த்தண்ணி. ரெண்டும் சேந்து ஒரு ஊருக்குப் பேரா ஈக்கெண்டா, அது என்ட ஊருதான்" என்றார்.

பாடசாலை வாத்தியார் ஒருவர் அந்தப் பெயருக்குக் குடையோடு சம்பந்தமே இல்லை, கொடி என்றும் சொல்கிறார்கள், கோடை என்றும் சொல்கிறார்கள் என்று அரை மணித்தியாலம் விளக்கினார். நானா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாத்தியார் வெயில்ல நிண்டதில்ல போல" என்றார்.

அன்றிலிருந்து அந்த மலைக்குப் போய்வந்த யாரும் அவரிடமிருந்து தப்பியதில்லை. முன்னேஸ்வரம் சிவன் கோவில் திருவிழாவில் கூட்டத்துக்குள் நின்று, பழனி போய் வந்தவர்களைத் தேடிப்பிடிப்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "கண்ணால கண்டதா, காதால கேட்டதா?" மூன்று பேர் கண்ணால் கண்டதாகச் சொன்னால்தான் ஒரு விஷயம் அவர் கதையில் ஏறும். நீதவான்கூட இரண்டு சாட்சியோடு விட்டுவிடுவார்.

அதன் பிறகு பத்து மணிக்குப் பால் விடாத பிளேன்டீ குடிக்கும் நேரம் அவருடையது. பணிஸ் ரொட்டியைக் கடித்துக்கொண்டு நாங்கள் கீழே உட்கார, அவர் உப்புக் குவியலில் நாலு எட்டு ஏறி நின்று குடையால் திசை காட்டுவார். இடும்பன் இரண்டு மலைகளைக் காவடியாகத் தூக்கிவந்த கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். "ரெண்டு பக்கமும் ரெண்டு உப்பு மூட்டையக் கட்டித் தூக்கிப் பாரு, அப்ப தெரியும் இடும்பன்ட தோள் என்ன பாடு பட்டிக்குமெண்டு" என்பார். மூட்டை தூக்குகிறவர்கள் தங்கள் தோளைத் தடவிக்கொள்வார்கள். பாண்டவர்கள் அடுப்பு மூட்டிச் சமைத்த குகை, காய்ச்சலுக்குப் பயந்து மலையேறிய வெள்ளைக்காரப் பாதிரிமார், ஒரு துரை வெட்டுவித்த நட்சத்திர வடிவக் குளம், தோளோடு தோள் ஒட்டி நிற்கும் மூன்று தூண் பாறைகள், ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி முருகனுக்குக் கட்டிய குறிஞ்சி ஆண்டவர் கோவில், எல்லாம் வரும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருதடவை குறிஞ்சி பூத்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால் குரலைத் தாழ்த்துவார்.

"எங்கட களப்பு எழும்பி நிமிந்து நிண்டா எப்படி ஈக்கும்? அப்படி நீலம்."

கோவில் வாசலில் நின்று பார்த்தால் கீழே பழனி மலை தெரியும் என்பதுதான் கடைசிக் காட்சி. அதைச் சொல்லிவிட்டுக் குவியலிலிருந்து இறங்குவார், மணியும் அடிக்கும்.

வினை பவளம் அக்காவால் வந்தது. முன்னேஸ்வரத்திலிருந்து வேலைக்கு வருகிறவர், எங்கள் அலுவலகத் தட்டெழுத்தாளர். மகன் பரீட்சை பாஸானால் பழனிக்கு வருவதாக நேர்த்தி வைத்திருந்தார். மகன் பாஸானான். அக்கா குடும்பத்தோடு எட்டு டிக்கெட் போட்டார். ஏழு பேர்தானே என்று கேட்டதற்கு, "எட்டாவது நானாவுக்கு. பழனி முடிய அப்படியே மேல கொடைக்கானல். வழிகாட்டி இல்லாம எப்படிப் போறது?" என்றார். கூட ஒன்பதாவதாக நானும் தொற்றிக்கொண்டேன்.

நானா பிளேன்டீயைக் கீழே வைத்தார். அடுத்த நாள் கடவுச்சீட்டு விண்ணப்பத்தோடு என் மேசைக்கு வந்தார். நான் கேட்டுக் கேட்டு நிரப்பினேன்.

"பழைய கடவுச்சீட்டு நம்பர் சொல்லுங்கோ நானா."

"இல்ல."

"தொலைஞ்சு போச்சோ?"

"எடுத்தாத்தானே தொலையிறதுக்கு." சுற்றுமுற்றும் பார்த்தார். "இந்த ரகசியத்த ஒரு ஆளுக்கும் செல்லாதீங்க தம்பி. நான் போனேனெண்டு எந்த நாளாவது சென்னேனா? யோசிச்சிப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. 'மேல ஏறினா இடப்பக்கம் குளம்' என்பார். 'நான் ஏறினேன்' என்று அத்தனை வருடத்தில் ஒருதடவையும் சொன்னதில்லை. அவர் சாட்சி தேடியதையும் நினைவைச் சரிபார்ப்பது என்று எடுத்துக்கொண்டு, நாங்களாகத்தான் அவரை மலையில் ஏற்றி வைத்திருந்தோம். இனி இறக்கினால் மனிதர் பிளேன்டீ நேரத்தில் எந்த முகத்தோடு குவியலில் ஏறுவார்? எனக்கு அந்த ஒரு பயம்தான் இருந்தது. அவருக்கும் அதுதான் இருந்தது.

பழனியில் அக்காவின் நேர்த்தி நல்லபடியாக முடிந்தது. நானா அடிவாரத்தில் காவல் இருந்து எங்கள் எட்டுப் பேரின் செருப்புகளுக்கும் குடை பிடித்தார். மறுநாள் காலை வாடகைக்கு எடுத்த வான் வண்டி மலையேறியது. வளைவுக்கு வளைவு பனிமூட்டம் இறங்கி, மேலே போய்ச் சேர்ந்தபோது என் கையே எனக்குத் தெரியவில்லை. சாரதி பொல்லாத ஆள்.

"பாய் இதுக்கு முன்னாடி எத்தன தடவ வந்திருக்கீங்க?"

"எண்ணினதில்ல தம்பி" என்றார் நானா. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாதபடியால் அதுவும் பொய்யில்லை. "அதுசரி, பாய் எண்டா எங்கட ஊர்ல விரிச்சிப் படுக்கிற சாமான்."

தூண் பாறைகளுக்கு முன்னால் வெறும் வெள்ளைதான் நின்றது. நானா குடையை நீட்டினார். முதலாம் தூண், இரண்டாம் தூண், இடையில் விழும் பள்ளம், மூன்றாவதின் உச்சியில் முளைத்த புல் என்று, உப்புக் குவியலில் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். அங்கே ஒன்றும் தெரியாமல் நொந்துபோய் நின்ற மதுரைக் குடும்பமொன்று வந்து எங்களோடு சேர்ந்துகொண்டது. அந்த வீட்டம்மா, "இப்பத்தாங்க பாத்த மாதிரி இருக்கு" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

கோவிலுக்குப் போகிற வழியில்தான் சறுக்கியது. மூன்று சாட்சிகளும் வலப்பக்கம் திரும்பச் சொல்லியிருந்தார்கள். பாதை அதற்குப் பிறகு மாறியிருந்தது. வான் நேரே போய் ஒரு கரட் கிழங்குத் தோட்டத்துக்குள் நின்றது. நானா இறங்கிப் பார்த்தார். "இதுவும் பாக்க வேண்டியதுதான்" என்றார். சாரதி ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

கோவிலில் அர்ச்சனை முடிந்து வெளியே வந்தோம். மதிலோரம் பனிமூட்டம் அசையாமல் நின்றது. அக்கா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"நானா, நான் கோவிக்க மாட்டன். உண்மையைச் சொல்லுங்கோ. நீங்க இஞ்ச முந்தி வந்ததோ?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். நான் காலில் மாட்டியிருந்த என் சப்பாத்தைப் பார்த்தேன். நானா பழக்கதோஷத்தில் குடையைத் தூக்கி வெள்ளைக்குள் நீட்டினார்.

"பழனி அந்தா அங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் காற்று ஒன்று வந்தது. பனிமூட்டம் திரைச்சீலை மாதிரி ஒரு பக்கமாக ஒதுங்கியது. கீழே, வெகு தூரத்தில், வெயில் விழுந்த சமவெளிக்கு நடுவில் ஒரு சின்ன மலை. அதன் தலையில் கோவில். குடையின் நுனி நீட்டிய அதே நேரில் இருந்தது. அக்கா "முருகா" என்று கைகூப்பினார்.

நானாவின் குடை கையிலிருந்து நழுவியது, நான் எடுத்துக்கொண்டேன். அவர் மதிலுக்கு இப்பால் நின்று இமைக்காமல் பார்த்தார். கிட்டப் போனால் மறைந்துவிடும் என்று பயந்தவர் போல ஓர் அடி முன்னுக்கு வைத்தார். மலை மறையவில்லை. இன்னும் ஓர் அடி வைத்தார்.

"இல்ல தங்கச்சி" என்றார் மெதுவாக. "இண்டைக்குத்தான் மொத தடவ. இத்தின வருசமும் கானல் எண்டுதான் நெனச்சிட்டு ஈந்தேன். மெய்யாவே ஈக்குதே."

அக்கா தட்டிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து நானாவின் கையில் வைத்தார்.

"வராமலே இவ்வளவும் சரியாச் சொன்னீங்களோ? அப்ப வேற ஆர் எங்களுக்கு வழிகாட்டி? கரட் தோட்டத்தை மட்டும் கதையில இருந்து எடுத்துப்போடுங்கோ."

"அது எப்படி எடுக்கிற?" என்றார் நானா. கண் இன்னும் மலையில்தான். "கண்ணால கண்டதாச்சே. ஒம்பது சாட்சி ஈக்கு."

தூறல் தொடங்கியது. மற்றவர்கள் வானுக்கு ஓடினார்கள். நானா அசையவில்லை. மழைக்குக் குடை மடங்கும் என்ற அவருடைய சட்டம் எனக்குத் தெரியும். ஆனால் கரைவதற்கு அங்கே உப்பு இல்லை, அவர் மட்டும்தான் இருந்தார். நான் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தேன். மடக்கு என்று அவர் சொல்லவில்லை.