முன்னறையை மீட்ட விவரம்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காள் புருஷன் எழுதுவது. இங்கே நான், மகள், மாப்பிள்ளை மூவரும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. அடுத்தவன் கஷ்டத்தை நினைத்து நினைத்துச் சிரிக்கிறவனை எந்த நோயும் அண்டாது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் நம் மாப்பிள்ளைதான். கணக்கு வாத்தியார், ஆகையால் கூட்டிக் குறைத்து எழுத மாட்டார். தவிர, இது அவர் மனைவி தோற்ற கதை. கூப்பிடாமலேயே பேனாவோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

போன தடவை வந்துவிட்டுக் கிளம்பும்போது நீ என்ன சொன்னாய்? "மக சட்டமன்றத்துக்குப் போயிட்டா, இனிமே உன்னைப் பழைய சாமானோட சேத்துத்தான் வைப்பா, பாத்துக்க." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய். இடது செருப்பில் வார் அறுந்திருந்தது. எனக்கு எதுவும் மறக்காது. உன் வாய் முகூர்த்தம் பலித்தேவிட்டது மச்சான். ஆனால் அவசரப்பட்டுச் சிரிக்காதே, முழுக்கக் கேள்.

கண்ணில் புரை எடுக்க ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேனா, ஒரு கண்ணில் கட்டும் இன்னொரு கண்ணில் மங்கலுமாக வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். "மெதுவா வாங்கப்பா, படி இருக்கு" என்று மகள் கையைப் பிடித்து நடத்திக் கட்டிலில் உட்கார வைத்தாள். கையை நீட்டிச் சுவரைத் தடவினேன், சொரசொரவென்றிருந்தது. முன்னறைச் சுவரை நான் கண்ணாடி மாதிரி தேய்த்துப் பூசியிருந்தேனே, கொத்தனாருக்குத் தன் சுவர் தெரியாதா? "இது யார் ரூம்மா?" என்றேன். "உங்க ரூம்தான்பா" என்றாள். அதுவும் பொய்யில்லை, அன்றிலிருந்து அதுதான் என் அறை! கட்டை அவிழ்த்த பிறகு பார்த்தால் பின்பக்கத்துச் சாமான் அறை. முன்னறையில் என் கட்டில் இருந்த இடத்தில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் என் மகள், வாசலில் 'முதியோர் குறைகேட்பு' என்று ஒரு பலகை. ஊரில் உள்ள கிழடுகளின் குறையைக் கேட்பதற்காகச் சொந்த வீட்டுக் கிழத்தைப் பின்னால் தள்ளியாயிற்று.

அந்த முன்னறை ஜன்னல் என்ன ஜன்னல்! படுத்த வாக்கில் தெருவே தெரியும், வயதான காலத்துக்கென்றே தாழ்த்தி வைத்தேன். சாமான் அறை ஜன்னலோ என் தலைக்கு மேலே. இவ்வளவு உயரத்தில் வைத்த மடையன் எவன் என்று திட்ட வாயெடுத்தேன், நான்தான். இல்லை, நீ! உயரம் பார்க்க உன்னைத்தானே சுவரோரம் நிற்க வைத்தேன்? "என் கண்ணுக்கு நேரா வை மச்சான், சாமானா எட்டிப் பாக்கப் போகுது?" என்றாய். நீ கொக்கு மாதிரி வளர்ந்ததற்கு நான் அனுபவித்தேன். போதாக்குறைக்கு அந்த அறை முழுக்கத் துண்டுப் பிரசுரக் கட்டுகள். மேலே 'முதியோர் உரிமை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதாம், மாப்பிள்ளை படித்துச் சொன்னார். செங்கல் மாதிரி மாற்றி மாற்றி அடுக்கத் தெரியாத எவனோ கூரை வரைக்கும் ஏற்றிவிட்டுப் போயிருந்தான். ஒரு மத்தியானத் தூக்கத்தில் முதியோர் உரிமை மொத்தமும் என் மேல் சரிந்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது.

மகளிடம் சொன்னால், "கூட்டத்தொடர் முடியட்டும்பா." மறுபடி சொன்னால், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்." அவள் கெட்டவள் இல்லை மச்சான். வயதானவர்களுக்காக ஒரு சட்டம் கொண்டுவரவேண்டும் என்று நாயாய் அலைகிறாள், சாப்பிடுவதுகூட நின்றுகொண்டுதான். சுவருக்கு அந்தப் பக்கம் நடந்து நடந்து பேச்சை ஒத்திகை பார்ப்பாள், எனக்கு வேறென்ன வேலை, கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்டது. அதில் மூன்றாம் பிரிவு: 'முதியவர் வசிக்கும் அறையை அவருடைய சம்மதமின்றிப் பிள்ளைகளோ உறவினரோ மாற்றுதல் கூடாது.' அந்த இடம் வரும்போது மேசையை ஓங்கித் தட்டுவாள். நானும் இந்தப் பக்கம் சுவரைத் தட்டுவேன், வேறு காரணத்துக்காக.

கடைசியாக ஒருநாள் போய் நின்றபோது அவளுடைய உதவியாளர் குறுக்கே வந்தார். "அய்யா, அம்மா பிஸி. குறை இருந்தா டோக்கன் வாங்கிட்டு வரிசையில வாங்க." விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் வாங்கிவிட்டேன்.

வரிசையில் எனக்கு முன்னால் ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர். வாயே ஹாரன்.

"பெரியவரே, உங்களுக்கு என்ன குறை?"

"என்னைக் கேக்காமலே மக என் ரூமை எடுத்துக்கிட்டா."

"எப்போ?"

"கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தப்போ."

"அடிப்பாவி! கண்ணு தெரியாத நேரமாப் பாத்தா? அவளையெல்லாம் சும்மா விடக்கூடாது. வாங்க, உள்ள அம்மாகிட்ட நான் பேசுறேன். நீங்க வாயே திறக்காதீங்க, உங்களுக்குச் சத்தம் பத்தாது."

நான் திறக்கவே இல்லை.

உள்ளே அன்றைக்கென்று ஒரு பத்திரிகை நிருபர் கேமராவோடு உட்கார்ந்திருக்கிறார். டிரைவர் தன்னுடைய ஓய்வூதியக் குறையை மறந்துவிட்டு என் குறையை எடுத்து விளாசினார். நான் கதவு மறைவில். மகள் மேசையை ஓங்கித் தட்டினாள். "இதுக்குத்தான் நான் சட்டம் கேக்குறேன்! யாரு அந்த மக? பெரியவரைப் பயப்படாம சொல்லச் சொல்லுங்க. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அந்த ரூம் அவருக்குத் திரும்பக் கிடைக்கணும். இல்லேன்னா அந்தப் பொண்ணு வீட்டு வாசல்ல நானே போய் உக்காருவேன்!" நிருபர் மளமளவென்று எழுதிக்கொண்டார்.

"பெரியவரே, உள்ள வாங்க!" என்று ஹாரன் அடித்தது. போனேன்.

"அப்பா..." என்றாள். டிரைவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டோக்கனைச் சத்தமில்லாமல் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார். நான் மூன்றாம் பிரிவை ஒப்பித்தேன், அவள் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, அவள் தட்டுகிற இடத்தில் மேசையைத் தட்டி. பிறகு, "வாசல்ல உக்காரணும்னா ரொம்பத் தூரம் போக வேண்டாம்மா, இதோ இருக்கு" என்றேன்.

உதவியாளர் நிருபரை வெளியே தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார். "அவர் இருக்கட்டும்" என்றாள் மகள். எழுந்தாள், மேசையின் ஒரு முனையைப் பிடித்தாள். "பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, தூக்குங்க." மறுமுனையை டிரைவர் பிடித்தார். வரிசையில் நின்றவர்கள் உள்ளே ஓடி என் கட்டிலைத் தூக்கி வந்தார்கள். இடுப்பு வலிக்காரர், மூச்சு வாங்குகிறவர், கைத்தடிக்காரர், ஒருவர் பாக்கியில்லை. கட்டில் முன்னே போக நான் பின்னே போனேன், தேர்தலில் ஜெயித்த என் மகளுக்குக்கூட அப்படி ஓர் ஊர்வலம் இல்லை. பொழுது சாயுமுன் படுத்த வாக்கில் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன் மச்சான், தெரு அப்படியே இருந்தது!

இன்னும் இருக்கிறது. சட்டமன்றத்தில் எதிரணிக்காரர் ஒருவர் எழுந்து, "நல்ல குடும்பத்தில் இதெல்லாம் நடக்காது, இதற்குப் போய்ச் சட்டமா?" என்று நக்கலடித்தாராம். இவள் எழுதி வைத்திருந்த பேச்சை மடித்துவிட்டு, "நடக்கும். என் வீட்டில் நடந்தது. செய்தது நான்" என்றாளாம். கட்டுப்போட்ட கண்ணிலிருந்து டோக்கன் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாளாம். முதலில் எல்லோரும் சிரித்தார்களாம், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டதாம். அவரவர் வீட்டுப் பின்னறை அவரவருக்கு ஞாபகம் வந்திருக்கும். நக்கலடித்தவர்கூடக் கையைத் தூக்க, சட்டம் நிறைவேறியது. மாப்பிள்ளை இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு மூக்கைச் சிந்துகிறார். கேட்டால் ஜலதோஷம் என்கிறார்.

வீட்டுக்கு வந்து என் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்து, "ஜெயிச்சுட்டோம்பா" என்றாள்.

"நான் போன வாரமே ஜெயிச்சாச்சு. நீ இன்னைக்குத்தான்" என்றேன்.

ஆகவே, சாமானோடு சேர்த்து வைப்பாள் என்று சொன்ன அந்த வாயை இனி மூடிக்கொள். உன் பையன் உன்னை எங்கே படுக்கப் போட்டிருக்கிறான் என்று எழுது. தேவைப்பட்டால் மூன்றாம் பிரிவைச் சொல்லி அனுப்புகிறேன். வேளைக்குச் சாப்பிடு, செருப்புக்கு வார் போடு, பிள்ளைகள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும். சீக்கிரம் ஒரு நடை வந்துவிட்டுப் போ. முன்னறையில் உனக்கும் ஒரு கட்டில் போடச் சொல்கிறேன், இரண்டு பேரும் படுத்துக்கொண்டே தெருவை ஆளலாம்.

இப்படிக்கு,
முன்னறையின் சொந்தக்காரன்

பின்குறிப்பு: மாப்பிள்ளை இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்துவிட்டார். அதற்குள் பேப்பரில் என் படம் வந்துவிட்டது. இப்போது விடிவதற்கு முன்பே ஜன்னலைத் தட்டுகிறார்கள். முதல் ஆள் ஹாரன் டிரைவர், அதே ஓய்வூதியக் குறையோடு. "உங்க மக உங்க பேச்சைத்தான் கேப்பாங்களாமே!" நின்றால் கால் வலிக்குமே என்று உள்ளே கூப்பிட்டேன். கட்டிலில்தான் உட்காருகிறார்கள். அவரவர் சொல்வதைக் கேட்டு வைத்து, ராத்திரி மகளிடம் ஒப்பிக்கிறேன், ஒன்றும் விட்டுப்போவதில்லை. எனக்குத்தான் காலை நீட்ட இடமில்லை. நேற்று நானே கட்டிலைச் சாமான் அறைக்குத் தூக்கச் சொன்னேன். "சம்மதத்தோடதானேப்பா?" என்று கேட்டு மகள் என்னிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டாள். ஆகையால் உன் கட்டிலும் அங்கேதான். ஜன்னல் உன் உயரத்துக்கு வைத்ததுதானே. வந்து நின்றுகொண்டு வெளியே என்ன நடக்கிறது என்று எனக்குச் சொல்.