ஜவ்வாது மலை ரயில்வே வாரியம்

ரயிலே போகாத ஊருக்கு ரயில்வே வாரியம் அமைத்த பெருமை இந்தப் பூவுலகில் ஜவ்வாது மலைக்கு மட்டுமே உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் பாவம், முதலில் நிலம் அளக்கிறார்கள், அப்புறம் தண்டவாளம் போடுகிறார்கள், ரயில் விடுகிறார்கள், கடைசியில்தான் அதை மேற்பார்வை பார்க்க நாலு பேரை நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். மலையில் அந்தச் சுற்று வழியெல்லாம் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே நாற்காலி போட்டுவிட்டார்கள்.

ஜமுனாமரத்தூர் பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வீட்டின் முன்னறையில் வாரியம் இயங்கியது. அதன் ஆளுகைக்கு உட்பட்ட இருப்புப் பாதை முழுவதும் ஒரு சாப்பாட்டு மேஜையின் மேல் முட்டை வடிவத்தில் கிடந்தது.

வாரியத்தின் தலைவர் தாண்டவராயன், செங்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "குளிர்ந்த காற்று, பூரண அமைதி" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு மலையில் வீடு வாங்கிக் குடிவந்தார். காற்று சொன்னபடி குளிர்ந்தது. அமைதிதான் கொஞ்சம் மிஞ்சிப் போயிற்று. அலுவலகத்தில் அவர் ஒரு தும்மல் போட்டால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். இங்கே அடுக்கடுக்காகத் தும்மினாலும் எதிர் வீட்டு ஆடுகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவருடைய மனைவி சம்பூர்ணத்துக்கு இந்தச் சங்கடம் இல்லை. வந்த வேகத்தில் தேன் விற்கிற பெண்கள் குழுவில் சேர்ந்துவிட்டாள். சந்தைக்குப் போனால் வாசல் வரைக்கும் நாலு பேர் பேசிக்கொண்டே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள்.

"சும்மா வூட்லயே குந்திகினு இருந்தா யாரு வருவாங்க? பஸ் ஸ்டாண்டாண்ட போய் நில்லுங்களேன். யாராவது பேச மாட்டாங்க?" என்றாள்.

"இன்னா காரணம் சொல்லி நிக்கிறது?"

"நிக்கிறதுக்கு இன்னாங்க காரணம்?"

இப்படிப்பட்ட கேள்வியை ஒரு முன்னாள் கண்காணிப்பாளரிடம் கேட்கக் கூடாது. காரணமில்லாமல் அவர் தம் பணிக்காலத்தில் ஒரு கதவைக்கூடத் திறந்ததில்லை. தமக்குப் பேச ஆள் வேண்டும் என்பதை அவர் தம்மிடமே ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குரிய விண்ணப்பம் உரிய வழியில் வந்து சேரவில்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகள் கீதாஞ்சலி, அப்பாவின் பிறந்தநாளுக்கு ஒரு குட்டி ரயில் வாங்கி அனுப்பினாள். இஞ்சின், மூன்று பெட்டிகள், தண்டவாளத் துண்டுகள், சுவரில் செருகுகிற பிளக்கோடு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. கூடவே அச்சிட்ட கையேடு ஒன்று. வீடியோ அழைப்பில் வந்து அவளே அதை வாசித்துச் சொன்னாள்.

"அப்பா, கடைசிப் பக்கத்துல இன்னா போட்டிருக்கு தெரியுமா? இந்தப் பொழுதுபோக்குல இறங்கறவங்களுக்கு உதவியும் தோழமையும் தானா தேடி வருமாம்."

"தோழமையெல்லாம் எனக்கு எதுக்கும்மா? உதவி மட்டும் போதும்."

"ரெண்டும் ஒரே வரியிலதாம்பா இருக்கு. பிரிச்சித் தர மாட்டாங்க."

ரயில் ஓடியது. முக்கால் சுற்று வரைக்கும் ஓடியது. பச்சைப் பஞ்சு ஒட்டிய குச்சி ஒன்றை நட்டு அவர் "புளியமரத்து வளைவு" என்று பெயரிட்டிருந்த இடம் வந்ததும் கவிழ்ந்தது. எடுத்து வைத்து ஓட்டினார். மறுபடியும் அதே இடத்தில் கவிழ்ந்தது. தாண்டவராயன் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். மலைக்கு வந்த பிறகு அவர் இவ்வளவு உற்சாகமாகப் படியிறங்கியது அன்றைக்குத்தான். போவதற்குக் காரணம் கிடைத்துவிட்டதே!

பஸ் நிலையத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவன் இளவழகன்.

"தம்பி, ஒரு தொழில்நுட்பக் கோளாறு."

"டிஸ்ப்ளே பூடுச்சா சார்?"

"ரயில் கவுந்துடுச்சு."

இளவழகன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டான். "ஐயையோ! எங்க சார்? ஜோலார்பேட்டையாண்டயா? எத்தினி பேரு?"

"உயிர்ச்சேதம் இல்ல. எங்க வூட்லதான்."

ரீசார்ஜ் செய்ய வந்திருந்த சடையன் இதைக் கேட்டார். புளியும் சாமையும் பயிர் வைக்கிற மலை விவசாயி. வீட்டுக்குள் ரயில் கவிழ்ந்த செய்தியை அரைகுறையாக விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. கூடவே நடந்தார். வழியில் தபால் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்த ஆனந்தியும் சேர்ந்துகொண்டாள். அந்தப் பார்சலை வீடு சேர்த்தவள் அவள். "தூக்கினு வந்தப்ப கை வுட்டுப் போச்சு. உள்ள இன்னாதான் இருந்துதுன்னு பாத்துடறேன்" என்றாள்.

மூன்று பேரும் மேஜையைச் சுற்றி நின்று, ரயில் கவிழ்வதை மூன்று முறை பார்த்தார்கள்.

"பாரம் பத்தலைங்க ஐயா. காலி வண்டி வளைவுல நிக்காது. ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு பிடி சாமையப் போடுங்க" என்றார் சடையன்.

"சடையண்ணா, இது மினி பஸ்ஸா? இது எலக்ட்ரானிக்ஸ். சாப்ட்வேர் பழசாயிருக்கும் சார்" என்றான் இளவழகன்.

"திரும்பறதுக்கு முன்னாடி ஆரன் அடிச்சாங்களா? நம்ம ரோட்ல ஆரன் அடிக்காம எவன் திரும்பறான்?" என்றாள் ஆனந்தி.

மூன்று யோசனைகளும் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. அதாவது, மறுநாளும் வரச் சொன்னார். மறுநாள் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். அந்த வாரக் கடைசியில் வாரியம் முறைப்படி அமைந்தது. இளவழகன் இழுவைத் துறை இயக்குநர். சடையன் சரக்குப் போக்குவரத்து உறுப்பினர். ஆனந்தி பயணிகள் நல உறுப்பினர். சம்பூர்ணத்துக்கு "உணவு வழங்கல் ஆணையர்" பதவி தர முன்வந்தார்கள். "பஜ்ஜி போடறதுக்கு இன்னாத்துக்குப் பதவி?" என்று அவள் மறுத்துவிட்டாள். பஜ்ஜியை மறுக்கவில்லை.

தினமும் பொழுது சாய்ந்ததும் வாரியம் கூடும். ரயில் ஒரு முறை கவிழும். அந்த முக்கியமான அலுவல் முடிந்ததும் இதர பொருள்கள் விவாதத்துக்கு வரும். சடையனின் சாமைக் கொல்லையில் காட்டுப் பன்றி இறங்கியதற்கும் புளியமரத்து வளைவுக்கும் உள்ள தொடர்பு ஒரு கூட்டம் முழுக்க ஆராயப்பட்டது. இளவழகனுக்குப் படவேட்டில் பெண் பார்த்து, அந்தப் பெண் "மலைக்கெல்லாம் வர மாட்டேன்" என்று சொன்னது இழுவைத் துறையின் தனிப்பட்ட இழப்பாகக் கருதப்பட்டு, ஏகமனதாக வருத்தம் தெரிவிக்கப்பட்டது.

"வுடு தம்பி, கீழ இருக்கிறவங்களுக்கு ஒரு வளைவுக்கே வாந்தி வரும்" என்றார் சடையன்.

"எனக்கு அந்த வாந்திகூட ஓகேதாண்ணா. வந்தா போதும்" என்றான் இளவழகன்.

தாண்டவராயன் சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டு ஆடு திரும்பிப் பார்த்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஒரு வாரியம் என்று இருந்தால் அதற்கு "அங்கீகாரம்" வேண்டாமா? வேலூரில் சிற்றிரயில் ஆர்வலர் பேரவை என்று ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டு, தமது வாரியத்தின் சாதனைகளை விவரித்துத் தாண்டவராயன் ஒரு கடிதம் போட்டார். அரசு ஊழியத்தில் அவர் காட்டாத அவசரம் அது.

பேரவைத் தலைவர் ராஜ்குமார் காரிலேயே மலையேறி வந்துவிட்டார். தலையில் இஞ்சின் படம் போட்ட தொப்பி, கையில் ஒரு சூட்கேஸ். வாரியம் தன் ஆய்வு முடிவுகளை எடுத்துரைக்கத் தொண்டையைச் செருமியது. அவர் அதற்குள் குனிந்து, தண்டவாளத்தில் ஒரு விரலை ஓட்டினார்.

"ரெண்டு துண்டும் சேர்ற இடத்துல மயிரிழை மேடு. அவ்வளவுதான் சார்."

சின்ன அரம் ஒன்றை எடுத்துத் தேய்த்தார். ஒரு சொட்டுப் பசை விட்டார். சுவிட்சைத் தட்டினார். ரயில் புளியமரத்து வளைவில் வழுக்கிக்கொண்டு திரும்பி, முழுச் சுற்று வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். வாரியத் தலைவரும் தட்டினார்.

"இனிமே உங்களுக்கு யாரோட உதவியும் தேவைப்படாது சார்" என்று ராஜ்குமார் கையைக் குலுக்கிவிட்டுக் கீழே இறங்கினார்.

மறுநாள் யாரும் வரவில்லை. தாண்டவராயன் இளவழகனுக்குப் போன் செய்தார்.

"ரயில் ஓடுதா சார்?"

"ஓடுது."

"சூப்பர் சார். எதுனா கவுந்துதுன்னா சொல்லுங்க, ஓடியாறேன்."

சடையன் டிவிஎஸ்ஸில் புளி மூட்டையோடு வாசலைக் கடந்தார். வண்டியை நிறுத்தி, காலை ஊன்றி, "ஓடுதுங்களா ஐயா?" என்றார். "ஓடுது" என்றார் தாண்டவராயன். "சந்தோசம்ங்க" என்று சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு கிளம்பிப் போய்விட்டார். வேலை இல்லாத வீட்டில் போய் உட்கார அவர்களுக்கும் கூச்சம்தான். காரணம் தேடுகிற வியாதி கண்காணிப்பாளர்களுக்கு மட்டும் வருவதல்ல.

ரயில் சுற்றியது. தாண்டவராயன் பார்த்தார். ரயில் சுற்றியது. தாண்டவராயன் சுவரைப் பார்த்தார்.

"அஞ்சு பேருக்கு மாவு கரைச்சி வச்சிட்டேன், இன்னா பண்றது?" என்றாள் சம்பூர்ணம். "போன் போட்டு, 'வாங்க, பேசிகினு இருக்கலாம்'னு சொன்னா வாய் தேஞ்சிடுமா?"

"அப்படியெல்லாம் கூப்பிட முடியாது. ரயில் நல்லா ஓடுது."

"அது ஓடுது. நீங்கதான் நின்னு பூட்டீங்க."

அன்றைக்கே தாண்டவராயன் பொதுநலன் கருதி ஒரு முடிவெடுத்தார். ரயிலைக் கவிழ்த்தே ஆக வேண்டும். இது அவருக்கு ஒன்றும் புதிய வேலை அல்ல. தம் காலத்தில் எத்தனையோ கோப்புகளை, நல்ல வேகத்தில் வந்துகொண்டிருந்தவற்றை, ஒரே ஒரு கேள்விக்குறியால் நிறுத்தியவர். ஆனால் ராஜ்குமாரின் பசை வேறு ஜாதி. தண்டவாளத்தின் மேல் சாமை தூவினார். ரயில் நசுக்கிக்கொண்டு போயிற்று. தீக்குச்சி வைத்தார். தள்ளிவிட்டுப் போயிற்று. மேஜையை ஆட்டினார். அதுவும் கொஞ்சம் ஆடிவிட்டு, நேரத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு தாலுகாவையே காக்க வைத்த மனிதரால் ஒரு பொம்மை ரயிலைக் காக்க வைக்க முடியவில்லை.

ஒரு வாரம் பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை. ஒரு நாள் பிற்பகல் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இஞ்சினை இரண்டு கையாலும் எடுத்து, புளியமரத்தடியில் பக்கவாட்டில் படுக்க வைத்தார். கீறல் விழக் கூடாதே என்று துண்டை மடித்து அடியில் வைத்தார். பிறகு யோசித்து, துண்டை எடுத்துவிட்டார். பின்னாலேயே பெட்டிகளையும் ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தார். போனை எடுத்தார்.

"தம்பி, விபத்து."

கடையைச் சாத்திவிட்டு வாசலிலேயே சும்மா உட்கார்ந்திருந்த இளவழகன் சொன்னபடி ஓடி வந்தான். சடையன் கொல்லை மண் காலோடு வந்தார். ஆனந்தி முத்திரை மை ஒட்டிய விரல்களோடு வந்தாள். முன்னறை மங்கலாக இருந்தது. இளவழகன் செல்போன் டார்ச்சை மேஜை மேல் பாய்ச்சினான்.

"எப்ப சார் ஆச்சு?"

"இப்பத்தான். நல்ல வேகம். அப்படியே வந்துது, வளைவுல திரும்புச்சு..." கையால் காட்டினார். "நேரில் கண்ட சாட்சி நான்தான்."

சடையன் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "பாய் விரிச்சிப் படுத்தாப்பல வரிசையாப் படுத்துகினு கீதுங்களே ஐயா."

தாண்டவராயனின் காது மடல்கள் சுட்டன. மரியாதை, பதவி, முன்னறை, எல்லாம் அந்த ஒரு டார்ச் வெளிச்சத்தில் கிடந்தன.

"வேகத்துல வந்தா அப்படித்தாண்ணா படுக்கும்" என்றாள் ஆனந்தி.

"ஆமா ஆமா. ஸ்பீடுண்ணா, ஸ்பீடு" என்றான் இளவழகன்.

சடையன் இருவர் முகத்தையும் பார்த்தார். "நானும் அதத்தான் சொல்ல வந்தேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சம்பூர்ணம் உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, வேகமாவா..." என்று ஆரம்பித்தவள், கணவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, "வாழக்காயா, வெங்காயமா?" என்றாள்.

"அந்த வேலூர் சாருக்கு ஒரு போன் போட்டுடலாமா?" என்று ஆனந்தி நாக்கைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"வேணாம்!" என்று மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

விசாரணைக் குழு அங்கேயே அமைக்கப்பட்டது. உண்மை முழுமையாக வெளிவரும் வரை தினமும் சாயங்காலம் கூடுவது என்றும், உண்மை வெளிவர அவசரப்படக் கூடாது என்றும் முடிவாயிற்று. தண்டவாளம் பரிசோதிக்கப்பட்டது. சக்கரங்கள் பரிசோதிக்கப்பட்டன. புளியமரம் குறுக்கே வந்திருக்குமா என்றும் பார்த்தார்கள். இத்தனை நேர்மையான, பாரபட்சமற்ற, வெளியார் தலையீடு இல்லாத ஒரு விசாரணையை இந்நாடு கண்டிருக்காது. "அளவுக்கு மீறிய வேகமே விபத்துக்குக் காரணம்" என்று நால்வரும் ஏகமனதாகக் கண்டறிந்து கையெழுத்துப் போட்டபோது பஜ்ஜி வந்தது.

அன்று காலையிலிருந்து மலை முழுக்கக் கரண்ட் இல்லை.