பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு

அன்புள்ள மருமகளுக்கு மாமா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என நம்புகிறேன்.

உன் அப்பாவின் குரல் பத்திரமாகக் கிடைத்துவிட்டது. இதை உறுதி செய்தவள் உன் அத்தை. இன்று காலை தன் காதாலேயே கேட்டாள்.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். பழைய கேசட்டுகளிலிருந்து கணினிக்கு மாற்றிய பதிவுகளெல்லாம் ஒரே குவியலாகக் கிடந்ததால் நீ சின்ன நிரல் ஒன்று எழுதித் தந்தாய் அல்லவா? 'வீடு', அதற்குள் 'குரல்கள்', அதற்குள் ஆளின் பெயர் என்று மூன்றையும் சாய்கோடு (/) வைத்து இணைத்து, அந்தந்தப் பதிவை அந்தந்த இடத்துக்கு நகர்த்துவது அதன் வேலை, பெயரை நிரப்புவது மட்டும்தான் என் வேலை. ஆனால் எதையும் இரண்டு இடத்தில் உறுதி செய்யாமல் அச்சுக்கு அனுப்பாத நிருபன் நான், ஆகவே ஒரு பாதுகாப்புக்காக 'அண்ணன்' என்ற பெயருக்கு முன்னால் நானும் ஒரு சாய்கோடு வைத்தேன், நிரலை ஓட்டினேன், அண்ணனைக் காணோம். அத்தை வந்து நின்றாள்.

"எங்க அண்ணனை எங்க வெச்சீங்க?"

"கம்ப்யூட்டர்லதான்."

"கம்ப்யூட்டர்ல எங்க?"

'குரல்கள்' அடுக்கை மறுபடி மறுபடி திறந்து பார்த்தேன். உன் அப்பா போனபிறகு அவளுக்கு மிஞ்சியது அந்த ஒரு பதிவுதான். அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை, சுவரோடு பேசினாள்: "காபி ஆறுதுன்னு சொல்லு."

அப்போதுதான் உன்னை அழைத்தேன்.

"மாமா, பேருக்கு முன்னாடி கோடு போட்டீங்களா?"

"ஒரு பாதுகாப்புக்குத்தாம்மா."

"போச்சு! முன்னாடி கோடு போட்டா, 'இதுவரைக்கும் சொன்னதை விடு, உச்சியிலேர்ந்து ஆரம்பி'ன்னு அர்த்தம். 'வீடு'க்குள்ள தேடாதீங்க. கம்ப்யூட்டர் டிஸ்க்கோட உச்சியில பாருங்க."

பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே தனியாக உட்கார்ந்திருந்தார், இருந்த காலத்தைப் போலவே. அத்தை பொத்தானை அழுத்தினாள். "மாப்ளே, ஊர் சேதியெல்லாம் எழுதுறீரு, உம்ம வீட்டுக் குழாய் ஒழுகுறது மட்டும் தெரியாதா?" என்ற குரலும், பின்னாலேயே அந்த இருமலோடு கூடிய சிரிப்பும். அத்தையும் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தே, "காபி போடட்டுமா?" என்றாள். அந்தக் காபி உன்னால் கிடைத்தது, தாயி. இந்த நன்றியை எந்தச் செய்தியிலும் நான் எழுதியதில்லை.

உன் கை தொட்ட வேலையெல்லாம் துலங்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு.: கடிதத்தை மடிக்கும் முன், இனி இப்படி நேரக்கூடாதென்று நான் வைத்த கோட்டை எடுத்துவிட்டேன். எடுப்பதையும் இரண்டு இடத்தில் எடுப்பதே முறை என்பதால், உன் நிரலில் கோடு வைத்து இணைக்கச் சொன்ன கட்டளையையும் நீக்கிவிட்டு, அண்ணனை மறுபடி பழைய குவியலில் போட்டு ஓட்டினேன். இப்போது உச்சியிலும் அண்ணன் இல்லை, 'வீடு'க்குள்ளும் இல்லை. 'வீடுகுரல்கள்அண்ணன்' என்று ஏதோ ஒன்று புதிதாக முளைத்திருக்கிறது, தொடப் பயமாக இருக்கிறது. ஆகவே இதைத் தபாலில் போடாமல் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். அத்தை கடைக்குப் போயிருக்கிறாள், தன் தங்கையையும் கேட்க வைக்க அழைத்து வருகிறாள். உன் பதில் மட்டுமே பாக்கி. ஐந்து மணிக்குள் எதிர்பார்க்கிறேன். அவர்கள் வருவது ஐந்தேகாலுக்கு.