ஏழு முட்டையும் ஒரு மீனும்

டேனிஷ் வடிவமைப்பில் வட்டத்தின் இடம் பற்றி எண்பத்து நான்கு பக்கம் எழுதிப் பட்டம் வாங்கிய ரிக்கேவுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு வட்டம் வரைய வரவில்லை.

ஏழாவது முறை மவுஸை இழுத்தாள். திரையில் ஏழாவது முட்டை விழுந்தது.

பன்னிரண்டு மணிக்குள் மீன்கடை ஐனாருக்கு ஜன்னல் ஸ்டிக்கர் வேண்டும். வட்டத்துக்குள் ஒரு மீன், அவ்வளவுதான். இந்த ஸ்டிக்கர் கடையில் அவளுடைய மூன்று மாதச் சோதனைக் காலமும் இன்றோடு முடிகிறது. இதுவரை ஃபோன் எடுத்து, எழுத்து ஸ்டிக்கர்களாக அடித்து ஒப்பேற்றிவிட்டாள். படம் வரைந்துகொண்டிருந்தவன் இரண்டு மாதத்துக்கு முன் நார்வே போய்விட்டான். அதிலிருந்து படமெல்லாம் முதலாளி ப்ரீபென் கையில். இன்றைக்கு அவர் அதைத் தூக்கி இவள் மேசையில் போட்டுவிட்டார்.

"கம்ப்யூட்டர்ல வெக்டர் படம் வரையத் தெரியுமா?" என்று நேர்காணலில் கேட்டபோது, "நல்லாவே தெரியும்" என்றிருந்தாள். வக்கீல் வீட்டுப் பெண் அப்படிச் சொன்னால் அதற்குப் பெயர் தன்னம்பிக்கை. பன்றியிறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடிக்கிறவர் மகள் சொன்னால் பொய். வேலை போனால் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். "எங்க ஷிஃப்ட்ல ஆள் எடுக்கிறாங்க" என்பார், ஆறுதலாக. அதுதான் தாங்காது.

எழுந்து போய் ப்ரீபென் அறைக் கதவைத் தட்டினாள். கதவு மூன்று விரற்கடை திறந்தது. அவருடைய பெரிய மீசை மட்டும் தெரிந்தது.

"இந்த வட்டம்..."

"யுனிவர்சிட்டி படிச்ச பொண்ணு நீ. உனக்கு நான் சொல்லித் தரணுமா?"

கதவு சாத்திக்கொண்டது. எப்போதும் இப்படித்தான். இவள் தலை தெரிந்தாலே தன் கம்ப்யூட்டர் திரையை வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

கொதிப்போடு வந்து உட்கார்ந்தாள். ஏழாவது முட்டைக்கு இரண்டு முழிக்கண்ணும் ஒரு மீசையும் வைத்தாள். மனசு கொஞ்சம் ஆறியது. ஆறாத மிச்சத்தைக் கீபோர்டில் இறக்கினாள். இடது கை ஷிஃப்ட் பட்டனில் அழுந்தியிருக்க, வலது கை மவுஸை இழுக்க, உருண்டையாக வந்து நின்றது ஒரு வட்டம்.

"அட, சனியனே!"

பிறகு இணையத்தில் தொடக்கப் பாடம் ஒன்றைத் திறந்தாள். இரண்டு வட்டங்களைப் பாதி பாதி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால் நடுவில் மீன் உடம்பு. பின்னால் ஒரு முக்கோணம் வால், சுற்றிலும் ஒரு பெரிய வட்டம். மாஸ்க் போட்டால் வேண்டாததெல்லாம் கண்ணுக்கு மறையும் என்றது பாடம். போட்டாள். மீசைக்காரரும் மற்ற முட்டைகளும்கூடச் சேர்ந்து மறைந்தார்கள். திரையில் வட்டத்துக்குள் அழகான ஒரு மீன் மட்டும் நின்றது. பாடத்தில் இன்னொரு பக்கம் இருந்தது. அதை யார் படிப்பார்கள்?

ஃபைலை அனுப்பினாள். பின்கட்டில் ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் கரகரத்தது. அதை ஓட்டும் யித்தேவின் குரல் வந்தது.

"மறுபடியும் முட்டையா!"

ஓடினாள். வினைல் ஷீட் முழுக்க முட்டைகள். நடுவில் மீசையோடு முதலாளி.

"நான் எல்லாத்தையும் மறைச்சிட்டேனே!"

"மறைச்சது உன் கண்ணுக்குடி. கத்திக்குக் கண்ணு ஏது? கோடு இருந்தா வெட்டும்."

திரும்பி ஓடி முட்டைகள்மேல் வெள்ளைப் பெட்டிகளாக அடுக்கினாள். மெஷின் முட்டைகளையும் வெட்டியது, பெட்டிகளையும் வெட்டியது. ஒரு பெட்டி மீனின் கழுத்தைச் சீவிவிட்டது. மணி பதினொன்றே கால். பெட்டிகளை அழித்து, மாஸ்க்கையும் எடுத்துவிட்டாள். ஒளிந்திருந்ததெல்லாம் திபுதிபுவென்று திரைக்கு வந்தது.

முதுகுக்குப் பின்னால் ரொட்டி வாசனை. வெள்ளிக்கிழமைதோறும் எல்லோருக்கும் வாங்கும் பன் பையோடு ப்ரீபென் நின்றிருந்தார்.

திரையைப் பார்த்தார். மீசைக்காரரைப் பார்த்தார். தன் மீசையைத் தடவிக்கொண்டார்.

ரிக்கேவுக்கு வாய் முந்திக்கொண்டது. "எனக்கு வரையத் தெரியாது. நேர்காணல்ல பொய் சொன்னேன். இதெல்லாம் இன்னிக்குக் காலைலதான் பழகினேன். வேலையை விட்டு அனுப்பறதுன்னா அனுப்பிடுங்க, முழிச்சு முழிச்சுப் பார்க்காதீங்க."

அவர் பக்கத்தில் வந்து குனிந்தார். பிறகு திரையில் விரலை வைத்தார்.

"இந்தக் கடைசி வட்டங்க மட்டும் எப்படி உருண்டையா வந்துது?"

"ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கிட்டு இழுத்தேன்."

"ஓ." ஒரு பன்னை எடுத்து அவள் மேசையில் வைத்தார். "திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடு. ஒப்பந்தம் தயாரா இருக்கும். என் மீசை இன்னும் கொஞ்சம் அடர்த்தி."

விறுவிறுவென்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரிக்கே பாடத்தின் அடுத்த பக்கத்தைப் படித்தாள். மறைக்காமல், இரண்டு வட்டத்துக்கும் பொதுவான பகுதியை மட்டும் வெட்டியெடுத்தாள், மிச்சத்தை அழித்தாள். பதினொன்று ஐம்பதுக்கு வட்டத்துக்குள் மீன் முழுசாக வந்தது. பின்கட்டில் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்ததும் மூன்று மாதமாக இறுகிக் கிடந்த தோள் தளர்ந்தது.

"மனுஷன் ஒரு வார்த்தை திட்டலை, யித்தே! ஷிஃப்ட் பட்டனைப் பத்தி மட்டும் கேட்டுட்டுப் போயிட்டார்."

யித்தே வினைலை உரித்தபடியே, காலால் குப்பைப் பெட்டியை இவள் பக்கம் தள்ளினாள். விளிம்பு வரை பழைய வினைல் முட்டைகள்.

"பின்னே கேக்கமாட்டாரா? ரெண்டு மாசமா ராத்திரி பகலா உக்காந்து அவர் போட்டதுல ஒண்ணுகூட உருண்டையா வரலையே!"