கடலுக்குக் கரண்ட் கொடுக்கிறவன்

குருநகர்,
செவ்வாய்க்கிழமை பின்னேரம்.

பாரிசில் ஒரு நாளைக்கு ஒரு மூட்டை வெங்காயம் உரித்தும் எங்களை மறவாத என் அன்புச் சித்தப்பா கிறிஸ்துநாயகம் அவர்களுக்கு,

ஆண்டவரின் கிருபையாலும் மாதாவின் மன்றாட்டாலும் அப்பாவும் அம்மாவும் நல்ல சுகம். நான் சுகமில்லை. காய்ச்சல், தடிமன் என்று ஒன்றும் கிடையாது, களைப்பு மட்டும்தான். பதினாறு வயதில் நாரி, இடுப்பு எல்லாம் நோகிறது என்றால் பரியாரியாரே சிரிக்கிறார். நீங்களும் சித்தியும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். ஆனால் இந்தக் களைப்பில் பாதிக்கு நீங்கள்தான் பொறுப்பு என்பதால் மன்றாட்டும் பாதிதான் வருகிறது, கோபிக்க வேண்டாம்.

வட்ஸ்அப் இருக்கும்போது உவன் ஏன் கடதாசி எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். பள்ளிக்கூடச் சோதனை முடியும்வரை என் போன் அப்பாவின் அலுமாரியில் மறியல். அம்மாவின் போனில் எது பேசினாலும் அவர் அதைக் குசினி யன்னலில் வைத்து ஒழுங்கை முழுக்கக் கேட்கப் போடுவார். ஆகவே வெள்ளிக்கிழமை பிளேன் ஏறுகிற றஜிந்தன் அண்ணையின் பெட்டியில், மிளகாய்த்தூளுக்கும் ஒடியல் மாவுக்கும் நடுவில் இக்கடிதம் வருகிறது. வாசிக்கும்போது தும்மல் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. கண்ணீர் வந்தால் பொறுப்பு.

தையில் நீங்கள் ஒரு வீடியோ அனுப்பினீர்களே, அதில்தான் எல்லாம் தொடங்கியது. பிரான்சில் ஆறும் கடலும் சேரும் இடத்தில் அணை கட்டி, வத்திலும் பெருக்கிலும் மின்சாரம் எடுக்கிறார்கள். வெள்ளம் ஏறினாலும் கரண்ட், இறங்கினாலும் கரண்ட். கீழே நீங்கள் எழுதியிருந்தது: "உங்கடை கடல் சும்மாதானே கிடக்குது." சித்தப்பா, கடல் சும்மா கிடந்தது உண்மை. நானும் சும்மா கிடந்திருக்கலாம். அலையிலிருந்து மின்சாரம் வரும் என்றீர்கள். எனக்கு வந்தது அலைச்சல்.

அப்போது எனக்கு ஊரில் நல்ல பெயர் இல்லை. போன வருசம் கடற்றொழிலாளர் சங்கத்து அறிவித்தல் பலகையில் நான் ஒட்டிய தாளைப் பற்றி அம்மா சொல்லியிருப்பார். மின்தடை அறிவித்தலைப் பார்த்து எழுதியதுதான்: "பராமரிப்பு வேலைகள் காரணமாக நாளை காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை கடல் இயங்காது என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறோம்." இரண்டு பேர் தொழிலுக்குப் போகவில்லை. அதில் ஒருவர், தான் படுத்துக் கிடந்ததற்கு அத்தாட்சியாக அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டுபோய் மனிசிக்குக் காட்டினாராம். அப்பா என்னை அடிக்கவில்லை. "உனக்குப் பகிடிக்கு மட்டுந்தான் மூளை ஓடும்" என்று சொல்லிவிட்டு கிழிந்த வலையைப் பொத்தப் போய்விட்டார். அடித்திருந்தால் ஒரு கிழமையில் ஆறியிருக்கும்.

அந்த அப்பாதான் எனக்கு மதகு வாயைத் தந்தார். உங்களுக்கு மறந்திருக்கும் என்று சொல்கிறேன்: களப்பின் ஆழமில்லாத கடல்தண்ணியில் தடி நட்டு வலை கட்டுகிற இடங்களைச் சங்கம் வருசா வருசம் சீட்டுக் குலுக்கித்தான் கொடுக்கும். பாதைக்குக் கீழே, மதகு வழியாக வெள்ளம் இழுத்துக்கொண்டு ஓடுகிற வாய்தான் இருப்பதற்குள் திறம் இடம். ஒன்பது வருசம் காத்திருந்து அப்பாவுக்கு இந்த முறைதான் அது விழுந்தது. எங்கள் விஞ்ஞான ஆசிரியர் தில்லைநாதன் சேர் கொக்குவிலிலிருந்து சைக்கிளில் வந்து, பெடியனின் விஞ்ஞான வேலைக்குத் தண்ணி ஓட்டமுள்ள இடம் வேண்டும் என்று கேட்டதும், அப்பா சங்கத்தில் எழும்பி, "இந்த முறை நான் வலை கட்டேல்லை. பெடியன் கரண்ட் எடுக்கட்டும்" என்றார்.

சங்கத் தலைவர் எமிலியாம்பிள்ளை கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "கனிசியஸ், யோசிச்சுத்தான் கதைக்கிறியோ? உவன் கடலையே மூடினவன்."

"மூடினவன்தானே, திறந்து பாக்கட்டும்" என்றார் அப்பா.

சங்கம் தீர்மானம் எழுதியது: லைற் எரிந்தால் வாய் அடுத்த வருசமும் அப்பாவுக்கே. பகிடி விட்டு நேரத்தை மினைக்கெடுத்தியது தெரிந்தால் அன்றைக்கே வாய் அடுத்த ஆளுக்கு. இந்த வரியை மறக்காதீர்கள், சித்தப்பா. நான் மறக்க முயற்சி செய்து தோற்றுப்போனேன்.

பழைய சைக்கிள் றிம்மைச் சுற்றி பிளாஸ்ரிக் தண்ணிப் பரலைத் தகடு தகடாக வெட்டிக் கட்டினேன், ஒரு டைனமோ, ஒரு சின்னப் பல்ப், தூக்கிப்பிடிக்கப் பக்கத்து வீட்டு யோசப்பின் மாமியின் உடுப்புக் காயப்போடுகிற தடி. (மாமிக்கு இன்னும் தெரியாது. உடுப்பு வேலியில் காய்கிறது.) பறுவம், முழு நிலவுக்கு அடுத்தநாள் நல்ல ஓட்டத்தில் இறக்கிப் பார்த்தோம். எரிந்தது. உங்கள் பிரான்ஸ் அளவுக்கு இல்லை, ஒரு மின்மினிக்குக் காய்ச்சல் வந்த அளவுக்கு. எங்கள் களப்பில் முழங்காலளவுதானே ஏறி இறங்கும். ஆனாலும் எரிந்தது.

திறப்புவிழாவுக்கு அப்பா நேரம் பார்த்துச் சொன்னார். "ஒன்பதுக்கு ஓட்டம் நல்லா இருக்கும். பத்தரைக்கு நிண்டிடும், பிறகு நான் பொறுப்பில்லை." ஒன்பது என்று அழைப்பிதழ் அடித்தோம். எங்கள் ஆட்களுக்கு ஒன்பது என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். உங்கள் கலியாணத்துக்கு நீங்களே ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்ததாக அம்மா சொல்வார். பிரதம விருந்தினர் பத்தேகாலுக்கு இறங்கினார். மாலை போட்டு, பான்ட் அடித்து, பதினைந்து மீற்றர் தூரத்தைப் பதினைந்து நிமிடத்தில் நடந்து வந்தார். கடற்கரைக் காற்றில் மங்கல விளக்கைக் கொளுத்த ஒரு முழு நெருப்புப்பெட்டி போனது. பிறகு ஆசியுரை, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, முதல் வாழ்த்துரையில் ஒருவரின் பெயர் விடுபட்டதால் இன்னொரு வாழ்த்துரை. நான் சேரின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"சேர், கடல் நிக்கப் போகுது."

"கொஞ்சம் பொறு. நிகழ்ச்சி நிரலிலை நீ எட்டாவது."

கடலுக்கு ஒரு நிகழ்ச்சி நிரல் கொடுக்க நாங்கள் மறந்துவிட்டோம். பதினொன்றரைக்கு நாடா வெட்டியபோது களப்பு, சாப்பிட்டுவிட்டுப் படுத்த பெரியவர் மாதிரிக் கிடந்தது. ஒரு பாசி கூட அசையவில்லை. என் வீலும் அசையவில்லை. ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எந்த வேலைக்கும் ஒரு கள்ள வாசல் வைத்திருப்பேன். டைனமோப் பெட்டிக்குள் அப்பாவின் பழைய மோட்டார்சைக்கிளில் கழற்றிய பற்றரி இருந்தது. சுவிச்சை அமத்தினேன். பல்ப் கண் கூசுகிற மாதிரி எரிந்தது. ஒரே கைதட்டல். பிரதம விருந்தினர் மைக்கைத் திரும்ப வாங்கி, "அமைதியான கடலிலிருந்தே இவ்வளவு என்றால், புயலடித்தால் எவ்வளவு!" என்றார். ஊர் முழுக்கப் பல்பைப் பார்த்தது. அப்பா மட்டும் தண்ணியைப் பார்த்தார், பிறகு பல்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நல்லா எரியுது" என்றார். அவ்வளவுதான்.

அன்றோடு முடிந்திருந்தால் இது ஒரு பகிடி. எமிலியாம்பிள்ளைத் தலைவர் நன்றியுரையில், இனி இந்த லைற் பொழுதுபட்டதிலிருந்து விடியும்வரை எரியும் என்று ஊருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அதனால் இது உத்தியோகமாகிவிட்டது. இன்றைக்கு நாற்பத்தோராவது நாள். காலமை பற்றரியை உரப்பையில் சுற்றிக்கொண்டு வந்து, அரிசி வாளிக்குப் பின்னால் வைத்து சார்ஜ் ஏற்றுகிறேன். பள்ளிக்கூடம் விட்டதும் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய்க் கடலுக்குக் கொடுக்கிறேன். உலகம் முழுக்கக் கடலிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் எடுக்கப் பாடுபடுகிறது. வீட்டிலிருந்து கடலுக்குக் கரண்ட் கொண்டுபோகிற ஒரே ஆள் உங்கள் பெறாமகன். மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி என்றால் என்ன என்று சோதனையில் கேட்டால் "நான்" என்று எழுதப்போகிறேன். மீளவும் மீளவும் புதுப்பிக்கிறவன் நான்தானே.

எங்கே போகிறாய் என்று கேட்டால் வீலுக்குக் கிறீஸ் பூசப் போகிறேன் என்பேன். "உந்த வீலுக்கு நீ பூசின கிறீசுக்கு யாழ்தேவி ரெயினே ரெண்டுதரம் கொழும்புக்குப் போய் வந்திருக்கும்" என்றார் அப்பா முந்தநாள். ஒருநாள் ஊரில் கரண்ட் இல்லை, சார்ஜ் ஏறவில்லை, களப்பு லைற்றும் மங்கிப்போனது. தலைவர் அதை அட்டமி, ஓட்டம் குறைகிற நாள் என்று விளங்கப்படுத்தினார். யோசப்பின் மாமி, தன் தடி பிடித்திருக்கிற அதே லைற்றுக்குக் கீழே கதிரை போட்டுச் செபமாலை சொல்கிறார். "மாதா தந்த வெளிச்சமடா, தம்பி" என்கிறார். மாதாவுக்கு யார் சார்ஜ் ஏற்றுவது என்று என்னால் கேட்க முடியுமா?

இப்போது உண்மையான ஆபத்து. அடுத்த கிழமைப் புதன்கிழமை கொழும்பிலிருந்து மின்சாரம் படித்த மூன்று பேர் மீற்றரோடு அளக்க வருகிறார்கள். பெட்டியைத் திறப்பார்கள். சங்கம் முழுக்க நிற்கும். நான் ஏச்சு வாங்குவேன், அது பழக்கம். ஆனால் அப்பாவின் மதகு வாய் அன்றைக்கே போகும். மகனை நம்பி ஒன்பது வருசச் சீட்டை விட்டுக்கொடுத்த மனிசன் எல்லோருக்கும் முன்னால் நிற்பார். பத்துத் தரம் சொல்லப் போனேன், சித்தப்பா. போனால் அவர் வலையைப் பொத்திக்கொண்டு தலை நிமிராமல், "என்ன?" என்பார். "சாப்பிட வரட்டாம்" என்று சொல்லிவிட்டு வருவேன். ஒருநாள் அதற்கு முதலே அவர் சாப்பிட்டிருந்தார்.

அதனால் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஞாயிறு பூசை முடிய அப்பாவுக்குப் போன் எடுங்கள். நீங்கள் அவருடைய தம்பி, அதோடு ஐயாயிரம் மைலுக்கு அங்கால் இருக்கிறீர்கள், கை எட்டாது. "அண்ணை, அந்த லைற் பொய்" என்று மெதுவாக, இடையிலே கால்பந்தும் கதைத்துச் சொல்லுங்கள். புதனுக்கு முன்னால் அவரே சங்கத்தில் சொல்லிவிட்டால், வாய் போனாலும் முகம் போகாது.

சித்திக்கும் தங்கச்சி தனுஷாவுக்கும் என் அன்பு. உங்கள் குசினியில் வெங்காயம் குறையவும் சம்பளம் கூடவும் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறேன். அதற்காவது பற்றரி தேவையில்லை.

இங்ஙனம்,
வத்தும் பெருக்குமாக அலைந்து வற்றிப்போன உங்கள் அன்புப் பெறாமகன்,
கொலின்ஸ்

பி.கு.: வியாழன் பின்னேரம். சித்தப்பா, போன் எடுக்க வேண்டாம்! றஜிந்தன் அண்ணையின் பெட்டி இன்னும் கட்டவில்லை, அதனால் இதை எழுதுகிறேன். நேற்று பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தோடு படுத்தவன் அப்படியே நித்திரையாகிவிட்டேன். எழும்பினால் பொழுது பட்டுவிட்டது, பற்றரியையும் காணவில்லை. ஓடினேன். லைற் எரிந்துகொண்டிருந்தது. மதகின் இரண்டு பக்கமும் வலை கட்டுகிற தடிகள் நெருக்கி நட்டு, உரச்சாக்கு இழுத்துக் கட்டி, இரண்டு சிறகு மாதிரி ஓட்டம் முழுவதையும் என் வீலுக்கே ஒடுக்கி விட்டிருந்தது. வீல் பேய் பிடித்த மாதிரிச் சுற்றியது. இடுப்பளவு தண்ணியில் அப்பா.

"இறாலை வலை வாய்க்குக் கொண்டுவாறமாதிரித்தான் தண்ணியையும் கொண்டுவரோணும். என்னட்டைக் கேட்டிருக்கலாமே" என்றார்.

"அப்பா, பற்றரி..."

"மோட்டார்சைக்கிளிலை பூட்டிட்டன். நாப்பது நாளா உதைச்செல்லோ ஸ்ராட் பண்ணினனான்."

முதல் நாளே தெரியுமாம். "நீயா வந்து சொல்லுவாய் எண்டு பாத்தனான். நீ என்னடா எண்டால் சாப்பிடக் கூப்பிடுறாய்."

இனிப் புதன்கிழமை பெட்டியைத் திறந்தாலும் பயமில்லை. ஆனால் நிம்மதி இல்லை. உண்மையான லைற் ஓட்டம் நிற்கும்போது நிற்கிறதே. இன்று காலமை தலைவர் வாசலுக்கு வந்துவிட்டார்: "தம்பி, லைற் விட்டு விட்டு எரியுது. முந்தி நல்லா எரிஞ்சது, நீ ஏதோ பழுதாக்கிப்போட்டாய்." அப்பா கடல் நிற்கிற நேரங்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதி, சங்கத்துப் பலகையில் ஒட்டினேன்: "இன்று மாலை ஆறு மணி முதல் ஏழரை மணி வரை கடல் இயங்காது என்பதை அறியத்தருகிறோம்." போன வருசம் பொய் எழுதினேன், நம்பினார்கள். இன்றைக்கு உண்மை எழுதினேன். "உவன் பழையபடி தொடங்கிட்டான்" என்று தலைவர் கிழித்துவிட்டார்.

அப்பா என் கொப்பியிலிருந்து இன்னொரு தாளைக் கிழித்துத் தந்தார். "திரும்ப எழுதடா. கீழை நான் கையெழுத்து வைக்கிறன்."