வருகை தந்த காலஞ்சென்றோர்

ஒரே போர்க்கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஆண்டுக்கு ஒருநாள் கூடி, தங்களில் காலமானவர்களை நினைத்துக்கொள்வது நல்ல பழக்கம். அதில் குற்றம் ஏதும் இருப்பதாக அரசாங்கம் நெடுநாள் வரை கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிப்பதற்கென்று ஒரு துறை இல்லாததுதான் காரணம். இந்த ஆண்டு அந்தக் குறையும் நீங்கிவிட்டது.

துறையைப் பற்றிச் சொல்லுமுன் உப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். உப்பு என்பது ஆள். அந்தக் கப்பலில் சமையல்காரர். அவர் ஆக்கிப்போட்டதைச் சாப்பிட்டவர்கள் வைத்த பெயர் அது. ஏன் வைத்தார்கள் என்று விளக்கத் தேவையில்லை. அவருடைய உயிர்த்தோழர் புகை. கொதிகலன் அறையில் வேலை. வேலை நேரத்தில் உடம்பெல்லாம் புகை, வேலை முடிந்தால் வாயில் புகை. கப்பலில் இருவருக்கும் அடுத்தடுத்த படுக்கை. ஒருவர் குறட்டை இல்லாமல் மற்றவருக்குத் தூக்கம் வராது.

புகைக்கு எல்லா நல்ல குணங்களும் உண்டு, நேரத்துக்கு எழுந்திருப்பது ஒன்றைத் தவிர. காலையில் எல்லோரையும் மேல்தளத்தில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர் கழுத்தில் எப்போதும் ஓர் ஊதல் தொங்கும். ஆகவே அவர் விசில். புகையின் பெயர் வரும்போது புகை கீழே போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார். வரிசையில் நிற்கும் உப்பு இரண்டு தடவை இருமி, "இருக்கேன், இருக்கேன், எங்க போயிடப் போறேன்" என்று புகையின் குரலிலேயே சொல்லிவிடுவார். விசிலுக்கு எல்லாம் தெரியும். தெரியாதவர் மாதிரி அடுத்த பெயருக்குப் போய்விடுவார். பக்கத்துப் படுக்கைக்காரன் இல்லை என்று அந்தக் கப்பலில் எவனும் வாய் திறந்து சொன்னது கிடையாது.

எல்லோரும் ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சட்டம் ஓய்வு பெறவில்லை. முதல் ஆள் செத்துப்போன ஆண்டு, கூட்டத்தில் விசில் பழைய வரிசைப்படியே பெயர்களைக் கூப்பிட்டார். செத்தவர் பெயர் வந்ததும், அவருடைய பக்கத்துப் படுக்கைக்காரர் பழக்கதோஷத்தில் "உள்ளேன் ஐயா" என்றுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் அழுதார்கள். அன்றிலிருந்து அதுதான் நினைவுநாள். பேச்சு இல்லை, மாலை இல்லை. செத்தவன் எப்படிச் சொல்வானோ அப்படியே சொல்ல வேண்டும். திக்குவாயனுக்குத் திக்க வேண்டும், கெட்டவார்த்தைக்காரனுக்குக் கெட்டவார்த்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

புகை இந்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். ஆகவே முதல் தடவையாக இது உப்பின் முறை. உப்பு தம் வாழ்நாளில் வேறு எந்தப் பதவிக்கும் இப்படி ஆசைப்பட்டதில்லை. கண்ணாடி முன் நின்று இருமிப் பழகினார். மகள் பதறிப்போய் இருமல் மருந்து வாங்கிவந்தாள்.

துறைமுகத்துப் பழைய சரக்குக் கொட்டகையில்தான் கூட்டம் நடப்பது வழக்கம். அதற்குச் சாவி கேட்கப் போன இடத்தில்தான் நினைவேந்தல் ஒழுங்குமுறைத் துறை என்று ஒன்று முளைத்திருப்பது தெரிந்தது. இந்த ஆண்டு நினைவுகூருவதுதான் நாகரிகமாக இருந்தது. பற்பசை விற்கிறவர்கள்கூட யாரையாவது நினைவுகூர்ந்துவிட்டுத்தான் பற்பசை விற்றார்கள். ஜனங்கள் இப்படி இஷ்டத்துக்கு நினைத்துக்கொள்வதை அரசாங்கம் எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்ளும்?

உப்பும் விசிலும் இணை இயக்குநர் முன்னால் உட்கார வைக்கப்பட்டார்கள். இணை இயக்குநர் இஸ்திரி போட்ட சட்டைக்குள் இஸ்திரி போட்ட மனிதர். அவருக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு ஓர் இளம்பெண். அவள் நிகழ்ச்சி வடிவமைப்பாளர். அதுவரை கல்யாணங்களை வடிவமைத்துக்கொண்டிருந்தவள்.

"செத்தவங்களுக்குப் பதிலா நீங்க பதில் சொல்றீங்களா?" என்று கேட்டார் இணை இயக்குநர்.

"ஆமாங்க."

"அது ஆள்மாறாட்டம்."

"ஆமாங்க," என்றார் உப்பு, ஒருவருக்காவது புரிந்ததே என்ற மகிழ்ச்சியோடு. "கப்பல்லயும் அதைத்தான் பண்ணிட்டிருந்தோம்."

"சம்பந்தப்பட்டவரோட சம்மதம் வாங்கினீங்களா?"

"அவர் செத்துட்டாருங்க."

"சாகறதுக்கு முன்னாடி வாங்கியிருக்கலாமே?"

"முன்னாடி கேட்டா, எப்பப்பா சாகப் போறேன்னு கேக்கற மாதிரி இருக்காதுங்களா?"

"அதுக்குத்தான் துறை. நீங்க கேட்டா மனசு சங்கடப்படும். நாங்க கேட்டா எல்லாருக்கும் பொதுவா சங்கடப்படும்."

விசில் கழுத்தைத் தடவினார். ஊதலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

வடிவமைப்பாளர் இடையில் புகுந்தாள். "ஐயா, உங்க ஐடியா ரொம்ப நல்லா இருக்கு. செத்தவங்க பதில் சொல்றது, இதுவரைக்கும் யாருமே பண்ணல. ஆனா உங்க குரல்தான் சரியில்ல. ரொம்ப சோகமா இருக்கு."

"சாவும்மா அது," என்றார் விசில்.

"அதனாலதான் சொல்றேன். இப்ப யாரும் சோகத்தை விரும்பறதில்ல. வர்றவங்களுக்கு ஒரு அனுபவத்தைக் குடுக்கணும். நீலச் சட்டை, அலைச் சத்தம், பனிமூட்டம். பதில் சொல்றதுக்குப் பயிற்சி பெற்ற ஒரு அறிவிப்பாளர் குரலைப் பதிவு பண்ணி ஸ்பீக்கர்ல விடலாம்."

"எல்லாருக்கும் ஒரே குரலா?"

"சமத்துவம்," என்றார் இணை இயக்குநர்.

"எங்காளு முதல்ல இருமுவாம்மா," என்றார் உப்பு. அவர் குரல் கொஞ்சம் கெஞ்சியது.

"கவலைப்படாதீங்க, இருமல் வராது. சுத்தமா இருக்கும்."

உத்தரவு அங்கேயே பிறந்தது. காலஞ்சென்றோருக்கு முன்வரிசையில் நாற்காலி. உயிரோடு இருக்கும் மாலுமிகளுக்கு இந்த நிகழ்ச்சியோடு நேரடித் தொடர்பு இல்லாதபடியால், அவர்கள் பின்னால் நின்றுகொள்ளலாம். யாரும் வாய் திறக்கக் கூடாது.

உப்பு நேரே புகையின் வீட்டுக்குப் போனார். புகையின் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். புகையின் செருப்பு இன்னும் வாசலில்தான் கிடந்தது.

"அண்ணே, காலமெல்லாம் அவருக்காக நீங்கதான் பொய் சொன்னீங்க. இந்த ஒரு பொய்யை மட்டும் கவர்மெண்டு சொல்லணுமா?"

"என்ன பண்றது தங்கச்சி, உத்தரவாயிடுச்சு."

"அவர் இருமலைக் கேட்டு எத்தனை மாசமாச்சு. நீங்க அப்படியே இருமுவீங்களாமே. அதைக் கேக்கலாம்னுதான் இருந்தேன்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். காப்பி போடப் போனதாகத்தான் உப்பு நினைத்தார். காப்பி வரவில்லை.

நினைவுநாள் வந்தது. கொட்டகையை அடையாளம் தெரியவில்லை. எலிகள்கூட மரியாதை நிமித்தம் வெளியேறியிருந்தன. முன்வரிசையில் நடுவே அமைச்சர், இருபுறமும் காலியான நாற்காலிகளில் காலஞ்சென்றோர், அவர்களுக்குப் பின்னால் துறை ஊழியர்கள். மூலையில் ஓர் இயந்திரம் பனிமூட்டத்தைக் கக்கிக்கொண்டிருந்தது. கடலில் அப்படி ஒரு பனியைப் பார்த்திருந்தால் விசில் கப்பலை நிறுத்தச் சொல்லியிருப்பார்.

பெயர்கள் அழைக்கப்பட்டன. ஸ்பீக்கர் ஒவ்வொரு பெயருக்கும் தேனில் நனைத்த குரலில் "உள்ளேன் ஐயா" என்றது. திக்குவாயர் திக்காமல் சொன்னார். ஆயுளில் ஒரு மேலதிகாரியைக்கூட ஐயா என்று அழைக்காத பீரங்கிக்காரர் பணிவோடு ஐயா என்றார். பின்னால் நின்ற கிழவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அமைச்சருக்கு மட்டும் பரம திருப்தி.

"எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

"ஒருத்தர்கூட விடுபடலை ஐயா," என்றார் இணை இயக்குநர்.

புகையின் முறை வந்தது. அவருடைய முழுப்பெயரை அழைத்தார்கள். அப்படி ஒரு பெயர் அவருக்கு இருந்தது அவர் மனைவிக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஸ்பீக்கர் "உள்ளேன் ஐயா" என்றது. அது ஓயுமுன்பே பின்னாலிருந்து இரண்டு இருமல் கேட்டது. நெஞ்சுக்கூட்டின் அடியிலிருந்து வந்த, நிலக்கரித் தூள் படிந்த இருமல்.

"இருக்கேன், இருக்கேன், எங்க போயிடப் போறேன்."

புகையின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பிறகு கையை எடுத்துவிட்டு, வீட்டில் சொல்வது போலவே, "சரி சரி, மூஞ்சியக் கழுவிட்டு வாங்க" என்றாள். கிழவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். உப்புக்கு அது போதும். அதற்காகத்தான் அவர் வந்தார்.

ஆனால் துறைக்கு அது போதாது. இணை இயக்குநர் உப்பைப் பக்கத்து அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"செத்த ஒருத்தர் ரெண்டு தடவை பதில் சொல்ல முடியாது. ஸ்பீக்கர்ல சொன்னா காலமானவர்னு அர்த்தம். நேர்ல சொன்னா உயிரோட இருக்கார்னு அர்த்தம். இப்ப அவர் உயிரோட இருக்கார்."

"இருந்தா நல்லதுதாங்க."

"அப்ப உப்பு எங்க?"

"நான்தாங்க உப்பு."

"நீங்க இப்பதானே புகைன்னு பதில் சொன்னீங்க? ஒரு ஆள் ரெண்டு பேரா இருக்க முடியாது பெரியவரே. ஒண்ணு அவர் இருக்கணும், இல்ல நீங்க இருக்கணும்." இணை இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். அவர் கெட்டவர் இல்லை. "ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. மைக்கைப் புடிச்சு, 'அவர் இல்லை'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எல்லாம் சரியாயிடும்."

உப்பு யோசித்தார். சொல்லிவிடலாம். புகை இல்லை என்பது ஊருக்கே தெரியும். கடைசியாகத் தூக்கிக்கொண்டுபோன தோள்களில் ஒன்று அவருடையது. ஆனால் பெயரைக் கூப்பிட்ட பிறகு, ஓர் அதிகாரியின் முன்னால், அவன் இல்லை என்று சொல்வதா? நாக்கு எழவில்லை.

"அது மட்டும் முடியாதுங்க."

"அப்ப நீங்க இல்லைன்னு ஆயிடும்."

"ஆயிட்டுப் போகட்டும்ங்க."

இணை இயக்குநர் பேனாவை மூடினார். எழுந்து நின்று உப்பின் கையைப் பிடித்து, "ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவிச்சுக்கறேன்" என்றார். உப்பும் பதிலுக்குத் தலையாட்டினார்.

கொட்டகையில் அறிவிப்பு ஒலித்தது. சற்றுமுன் எதிர்பாராத விதமாகக் காலமான உப்பு அவர்களைப் பற்றி அமைச்சர் உணர்ச்சி பொங்கப் பேசினார். அவர் கையால் சாப்பிட்டிருப்பதாகவும், அந்த ருசி இன்னும் நாக்கில் நிற்பதாகவும் சொன்னார். ஒருகாலத்தில் அந்தச் சாப்பாட்டை மீனுக்குப் போட்டவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த உப்புக்கு, செத்தது ஒன்றும் அவ்வளவு மோசமாகப் படவில்லை.

பேச்சு உச்சத்துக்குப் போகும் நேரத்தில் பனிமூட்டமும் உச்சத்துக்குப் போனது. அமைச்சருக்குத் தம் பேச்சுத்தாள் தெரியவில்லை. பிறகு மைக் தெரியவில்லை. பிறகு மூச்சு முட்டியது.

"இதுக்கெல்லாம் யார் பொறுப்பு? இணை இயக்குநர் எங்க?"

இணை இயக்குநர் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார். முன்னே அவருடைய துறை முழுவதும் வரிசையாக உட்கார்ந்திருந்தது. அவர் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் துணை இயக்குநர். அவர் கண்ணிமைக்கும் நேரத்தில் எழுந்தார்.

"அவர் இல்லீங்க ஐயா."

"இருந்தாலும் இல்லாத மாதிரிதாங்க ஐயா," என்றது இன்னொரு குரல். மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள். துணை இயக்குநர் உட்காரும்போது ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

இணை இயக்குநர் அறைக்குள் பின்வாங்கினார். உப்பின் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரியவரே, நான் இருக்கேன்னு சொல்லுங்க."

"நீங்களே சொல்லலாமே சார்."

"இப்ப நானே போய் நின்னா என் தலைதான் உருளும். நீங்க சொல்லுங்க. நீங்கதான் நல்லா சொல்றீங்க."

உப்பு அவரைப் பார்த்தார். ஆள் எப்படிப்பட்டவராக இருந்தால் என்ன, பக்கத்தில் நிற்கிறார். கதவை லேசாகத் திறந்து, தொண்டையைச் செருமி, இஸ்திரி போட்ட குரலில் சொன்னார்: "உள்ளேன் ஐயா. விஷயம் பரிசீலனையில் உள்ளது."

அசல் இணை இயக்குநரே அவ்வளவு அச்சாகச் சொல்லியிருக்க மாட்டார். பின்னாலிருந்த கிழவர்கள் தங்களை மறந்து, பலே என்றார்கள்.

"யார் அது?" என்றார் அமைச்சர் பனிமூட்டத்துக்குள்ளிருந்து.

துணை இயக்குநர் மறுபடி எழுந்தார். "சமையல்காரர் குரல் ஐயா. சற்றுமுன் காலமானவர்."

"அவர் ஏன் இணை இயக்குநருக்குப் பதில் சொல்றார்?"

"அது அவங்க வழக்கம் ஐயா. செத்தவங்களுக்குப் பதிலாத்தான் சொல்லுவாங்க. வேற யாருக்கும் சொல்ல மாட்டாங்க."

அமைச்சருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார். "எப்ப ஆச்சு? நல்லாத்தானே இருந்தார்," என்றார். பிறகு அவையோர் அனைவரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தும்படி கேட்டுக்கொண்டார்.

எல்லோரும் எழுந்தார்கள். இணை இயக்குநர் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்து வெளியே வந்தார், வாயையும் திறந்தார். ஆனால் அஞ்சலி நேரத்தில் மௌனத்தைக் கலைப்பது கடுங்குற்றம். அந்த விதியை எழுதியவரே அவர். ஆகவே வாயை மூடிக்கொண்டு, கைகளை ஒட்டவைத்து, விறைப்பாக நின்றார். துறை ஊழியர்களில் சிலர் அவரைப் பார்த்துவிட்டு, மரியாதையோடு கண்ணை மூடிக்கொண்டார்கள். ஜென்மத்தில் எவனையும் இல்லை என்று சொல்லாத விசில்கூட, "பாவம், நல்ல மனுஷன்" என்று முணுமுணுத்துக் கண்ணைத் துடைத்தார். கதவருகே வந்து நின்ற உப்பும் மனமாரத் தலை குனிந்தார்.

மௌனம் முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். இணை இயக்குநரும் தம் நாற்காலியைத் தேடிப் போனார். அதில் இருந்த துணை இயக்குநர் எழுந்திருக்கவில்லை. இரங்கல் தீர்மானத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.