பூட்டுச்சாமியின் கறுப்புத் துணி

எங்கள் தெருவில் கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்திருந்தது. ஒன்றிரண்டுக்கு அல்ல, பதினேழு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு. வங்கியின் இணையதளம் திறக்காது. ஆஸ்பத்திரித் தளம் திறக்காது. வெள்ளைத் திரையில் நாலு வரி ஆங்கிலம் மட்டும் வந்து நிற்கும். அந்த நாலு வரியை ஒருவரும் படிக்கவில்லை. படித்துவிட்டால் பாவம், பேய் எப்படிப் பிழைக்கும்?

பேய் வந்தபின் பேயோட்டி வராமல் இருப்பாரா? வந்தார். நேற்றுவரை அடுப்பு ரிப்பேர் செய்தவர், மருந்துக்கடை மாடியில் ஓர் அறை பிடித்து உட்கார்ந்ததும் பூட்டுச்சாமி ஆகிவிட்டார். தளம் பத்திரமாக இருந்தால் திரையின் மேல்மூலையில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் தெரியுமல்லவா? அந்தப் பூட்டைத் தவத்தால் வரவழைக்கிறாராம்.

காலை ஏழு மணிக்கே மாடிப்படி நிறைந்துவிடும். காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் பெட்டியை அணைத்துக்கொண்டு நிற்பார்கள். எதிர்க்கடை என்னுடையது, தையல்கடை. கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள்கூட அந்த வரிசையில் போய் நின்றார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைக்கவில்லை. அதற்காக நான் சொல்வது பொய்யாகிவிடாது.

சாமியின் வைத்தியத்தில் முதல் படி விரதம். கம்ப்யூட்டருக்குத்தான். மூன்று நாள் கரண்ட் காட்டக்கூடாது. அடுத்து, பெட்டியின் சொந்தக்காரர் தன் பாஸ்வேர்டைச் சாமியின் காதில் மெல்லச் சொல்ல வேண்டும். பூட்டுக்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டுமாம். சாமி அதைக் கேட்டுக் கண்ணை மூடுவார். பிறகு கண்ணைத் திறந்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். கடைசியாகக் கறுப்புத் துணி. திரைமேல் துணியைப் போட்டு, தலையை உள்ளே விடுவார். மற்றவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும்.

"இது ரகசியமாப் பேசற முறை," என்பார் சாமி. "நீங்க பார்த்துட்டா ரகசியம் எங்கேர்ந்து வரும்?"

ஆகா, என்ன தர்க்கம். கூட்டம் சொக்கிப்போய்த் தலையாட்டும். துணிக்குள்ளிருந்து முணுமுணுப்பு வரும், நடுவில் கிளிக், கிளிக் என்று சத்தம் வரும். அது பேய் பல்லைக் கடிக்கிற சத்தமாம். துணியை எடுத்தால் தளம் திறந்திருக்கும், மூலையில் பூட்டு உட்கார்ந்திருக்கும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், முப்பத்திரண்டு வருடம் ஆங்கிலப் பாடம் நடத்தியவர், அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதில் மாட்டிக்கொண்டவர் என் அண்ணி. மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர். பத்தொன்பது வருடம் வீடுவீடாக மாடி ஏறி இறங்கியதில் வலது முழங்கால் போய்விட்டது. ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கும் மேற்பார்வையாளர் பதவிக்குப் பரீட்சை அறிவித்திருந்தார்கள். அடுத்த வருடம் எழுத அண்ணிக்கு வயது தாண்டிவிடும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் அன்றைக்கு, மாலை ஐந்து மணி. அந்தத் தளமும் திறக்கவில்லை என்று தெரிந்ததும், பஸ் ஓட்டுகிற என் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? மனைவி வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பெட்டியைச் சாமியிடம் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார்.

மூன்றரை மணிக்கு அண்ணி நொண்டிக்கொண்டே என் கடைக்கு வந்தார்.

"தம்பி, உங்க அண்ணன் பண்ணியிருக்கற கூத்தப் பாத்தியா?"

"கேள்விப்பட்டேன் அண்ணி. பெட்டி விரதத்துல இருக்கு."

"நான் இருக்கேன் விரதம். எந்திரிச்சு வா."

படி ஏறுவதற்குள் அண்ணிக்கு மூச்சு வாங்கியது. மேலே போனால் அறை முழுக்கக் கூட்டம், நடுவில் சாமி. வாசலில் என் அண்ணன், மனைவியைக் கண்டதும் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டார்.

"விரதம் முடிய இன்னும் ரெண்டரை நாள் இருக்கும்மா," என்றார் சாமி. "பாதியில எடுத்தா பேய் வீட்டோட வந்துரும்."

"வரட்டும். ஏற்கெனவே ஒண்ணு வீட்ல இருக்கு," என்று அண்ணனைப் பார்த்தார் அண்ணி. "அஞ்சு மணிக்குள்ள எனக்குத் தளம் தொறக்கணும். உங்களால முடியுமா, முடியாதா?"

கூட்டம் சாமியின் முகத்தைப் பார்த்தது. அத்தனை பேர் முன்னால் முடியாது என்று சொல்ல முடியுமா? பெட்டியை எடுத்துவைத்து ஒயர்களை மாட்டி, இணைய இணைப்பும் கொடுத்தார். வாரியத்தின் தளத்தைத் திறக்கப் போனதும் அதே வெள்ளைத் திரை வந்தது, அதே நாலு வரியும் வந்தது. அண்ணி குனிந்து படிக்க ஆரம்பித்தார்.

"அதப் படிக்காதீங்க. அது சாபம்," என்று சாமி குறுக்கே விழுந்தார்.

"சாபம் நல்லா வழி சொல்லுதே. 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்ல போய் டி.எல்.எஸ். 1.2 ஆன் பண்ணு'ன்னு எழுதியிருக்கு."

"அப்படித்தான் ஆசை காட்டும். கை வச்சீங்களோ, போச்சு."

கூட்டம் அண்ணியைப் பார்த்து உச்சுக்கொட்டியது. அண்ணி ஒரு நிமிடம் யோசித்தார். "சரி சாமி, உங்க முறைப்படியே செய்யுங்க," என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து ஒழுங்காகத் திரும்பி நின்றுகொண்டார். பாஸ்வேர்டு கேட்டதற்கு "பூட்டு வரட்டும், அப்பறம் சொல்றேன்," என்றார். சாமி துணியைப் போர்த்தித் தலையை உள்ளே விட்டார். நானும் சுவரைத்தான் பார்த்தேன், ஒரு கண்ணால். மறு கண்ணுக்கு அண்ணியின் கை தெரிந்தது. அது மெல்லப் பின்னால் போய், பெட்டியிலிருந்து மவுஸ் ஒயரையும் கீபோர்டு ஒயரையும் உருவிவிட்டது.

முணுமுணுப்பு கேட்டது. ஆனால் பேய் எவ்வளவு பல்லைக் கடித்தும் வேலை முடியவில்லை. கிளிக், கிளிக், கிளிக். மந்திரம் வேகம் பிடித்தது. மவுஸை மேசையில் தட்டுகிற சத்தம் வந்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று.

"கெட்டியான பேய்," என்றார் தலைமையாசிரியர் சுவரைப் பார்த்தபடியே, மிகுந்த மரியாதையோடு.

துணி வேர்வையில் நனைய ஆரம்பித்தது. கடைசியில் உள்ளேயிருந்து, மந்திரத்தின் அதே ராகத்தில், ஒரு குரல் கிளம்பியது.

"எவன்டா மவுஸ் ஒயரப் புடுங்குனவன்?"

அண்ணி திரும்பினார்.

"நான்தான் புடுங்குனேன். மந்திரத்துக்கு மவுஸ் எதுக்கு சாமி?"

சாமி துணிக்குள்ளேயே இருந்தார். வெளியே வர வழி யோசித்தார்போலும். அண்ணி துணியை உருவினார், ஒயர்களை மாட்டினார். "எல்லாரும் இந்தப் பக்கம் திரும்புங்க. கண்ணத் தொறந்து பாருங்க," என்று சொல்லி, அந்த நாலு வரி காட்டிய வழியிலேயே போனார். கட்டம் கட்டமாக ஒரு பட்டியல் வந்தது. டி.எல்.எஸ். 1.2 என்ற கட்டத்தில் ஒரு டிக். ஓ.கே. தளம் திறந்தது, மூலையில் பூட்டு.

"அவ்வளவுதானா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அவ்வளவுதான். நாம அனுப்பறத நடுவுல எவனும் படிக்காம பூட்டி அனுப்பற முறைக்குப் பேரு டி.எல்.எஸ். பழைய முறைய இப்பத் தளங்க ஏத்துக்கறதில்ல. புதுசு நம்ம பெட்டிக்குள்ளயே இருக்கு, அணைச்சுக் கெடக்கு. அவன் துணிக்குள்ள ஒரு டிக் போட்டான். எவனும் படிக்கக்கூடாதுங்கறதுக்குத்தான் பூட்டே. நீங்க பாஸ்வேர்டையே கொண்டுபோய் அவன் காதுல ஓதியிருக்கீங்க."

அப்போதுதான் உறைத்தது. மற்ற பதினாறு வீட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் அந்த நோட்டின்மேல் பாய்ந்தார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் சாமி படியிறங்கிவிட்டார், செருப்பு மட்டும் மாடியில் நின்றது. அண்ணி எதையும் கவனிக்கவில்லை. நாலு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. திரையில் பதிவு எண் வந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அண்ணன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார், நல்ல பிள்ளையாக.

இத்தோடு முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். தலைமையாசிரியர் கைகட்டிக்கொண்டு அண்ணியின் முன்னால் வந்து நின்றார். அவர் பின்னால் மறுபடி ஒரு வரிசை.

"அம்மா, நீங்க போட்ட டிக்குக்குத் தனி சக்தி இருக்கு. எங்க பெட்டிக்கும் உங்க கையாலயே போட்டுடுங்க. எந்தக் கிழமை போட்டா நல்லதும்மா?"

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைங்களைப் பாத்து 'யோசிச்சு எழுது, யோசிச்சு எழுது'ன்னு பிரம்பால தட்டினீங்களே. ஒரு நாளாவது அது எப்படி இருக்குன்னு நீங்களும் செஞ்சு பாருங்க."

அவருக்குச் சொன்னதுதான். நமக்கும் சேர்த்துத்தான்.